ஒரே சேதி இரண்டு தரம்

மேல் லைனில் டவர் கிடையாது. கீழ் கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் மலை மடிந்து இறங்குகிற இடத்தில், அந்த மடிப்புக்குள்ளே போய் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளை லைன் லைனாகக் கட்டிவிட்டுப் போய்விட்டான். மழைக்கு மறைவு, காற்றுக்கு மறைவு என்று கணக்குப் போட்டிருப்பான். செல்போனுக்கும் மறைவாகிவிடும் என்று அவன் எங்கே கண்டான்? வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலும் பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும்தான் ஆகும். சேதி வேண்டுமென்றால் மலையேற வேண்டும்.

அதற்கு லைன்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமை கொழுந்தை நிறுத்துப் போட்டு முடித்ததும், முறை வைத்து ஒருத்தி எல்லா வீட்டுப் போன்களையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு டவர் பாறைக்கு ஏறுவாள். பாறை மேல் படங்குச் சாக்கை விரித்து, போன்களை வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்துச் சேதி விழும். விழுந்து ஓய்ந்ததும் மறுபடி பையில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியதுதான். திருப்பூர் மகன் அனுப்பிய போட்டோ, சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகை, செத்தவர் சேதி, எல்லாம் வாரத்துக்கு ஒரு தரம் பையில்தான் வந்து சேரும்.

பையில் வருகிறவற்றில் ரொம்ப மரியாதையானது வாசுகி டீச்சரின் குரல். பஸ் ரோட்டோரம் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் அவர் ஏழாம் வகுப்பு டீச்சர். பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்து, இந்த வாரம் என்ன நடத்தினேன், அடுத்த வாரம் எதில் டெஸ்ட், பிள்ளைகள் என்ன கொண்டு வர வேண்டும் என்று சனிக்கிழமை தோறும் பேசி அனுப்புவார். எழுதினால் பாதிப் பேருக்கு வாசிக்க வராது என்று தெரிந்த புண்ணியவதி. அதிலும் ஒரே பேச்சை இரண்டு தரம் அனுப்புவார். லைன்காரி பாலாமணி ஒருநாள் பள்ளிக்கே போய், "டீச்சர், நீங்க பேசுனது வட்டம் சுத்திக்கிட்டே நிக்குதுங்க, தெறக்கவே மாட்டேங்குது" என்று முறையிட்டதிலிருந்து அந்தப் பழக்கம். ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்று திறக்கும் அல்லவா?

லைன்காரர்கள் அதையும் தங்கள் வசதிக்குச் சுருக்கிக்கொண்டார்கள். முதல் குரல் திறந்துவிட்டால் இரண்டாவதை யாரும் தொடுவதில்லை. சார்ஜுக்குப் பிடித்த கேடு. போதாக்குறைக்கு, பாறைக்குப் போனவள் கேட்டுவிட்டு வந்து குழாயடியில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் முதல் குரலைக்கூடத் திறக்க மாட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலதியின் முறை.

மாலதிக்கு அந்த முறை வருவதில் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. டீச்சர் குரலை எல்லாருக்கும் முன்னால் கேட்கலாம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவள் அவள். மகள் தனுஷா அந்தக் கூடைப் பக்கமே வரக்கூடாது என்பது அவளுடைய ஒரே வைராக்கியம். தனுஷாவும் அதற்கேற்ற பிள்ளை. "எம்புள்ளைய ரெண்டாந்தரம் கூப்பிட வேண்டியதில்லீங்க, ஒரு சத்தம் போட்டாப் போதும், ஓடியாந்துருவா" என்று மாலதி சொல்லாத ஆள் லைனில் கிடையாது. கேட்டுக் கேட்டுப் பலருக்குக் காது புளித்திருந்தது.

பாறையில் பனி கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது. போன்கள் கிணுகிணுத்தன. மாலதி தன் போனில் குரலைத் திறந்தாள்.

"பேரண்ட்ஸ் எல்லாருக்கும் வணக்கங்க. இந்த வாரம் கணக்குல பின்னம் முடிச்சாச்சு. புதன்கிழமை சமூக அறிவியல் டெஸ்ட். அப்புறம் அறிவியலுக்கு ஒரு வேலை. உங்க வீட்டச் சுத்தித் தானா வளர்ற பழம், இலை, மொத்தம் ஏழு வகை திங்கட்கிழமை கொண்டு வரணும். தவிட்டுப் பழம் இப்பப் பழுத்திருக்கும், அதைக் கட்டாயம் கொண்டு வாங்க. நல்லாக் கொண்டு வர்றவங்க கோத்தகிரி கண்காட்சியில நம்ம ஸ்கூலுக்காகப் பேசுவாங்க. தனுஷாவ நெனச்சு வச்சிருக்கேன்."

கடைசி வரியை மாலதி இன்னொரு தரம் கேட்டாள். கண் கலங்கிவிட்டது. அதற்குக் கீழே வழக்கம் போல இரண்டாவது குரல் கிடந்தது. முதலாவதைவிட அது நீளத்தில் குறைவு என்பது கண்ணில் பட்டது. பாதியில் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கும் கீழே பஸ் ரோட்டுக்காரர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். அவர்கள் எதற்குத்தான் கும்பிடு போடவில்லை? டீச்சர் காலை வணக்கம் சொன்னாலே போடுகிற ஆட்கள். மாலதி போன்களைப் பையில் அள்ளிப் போட்டாள்.

இறங்குகிற வழியில் மாரியம்மன் மேடையில் விளக்கு கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய்க் கிண்ணம் துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, பாதையோரப் புற்று பாதிக்கு மேல் பெயர்ந்து ஈரமண் சிதறியிருந்தது. "எந்தத் தடியன் பார்த்த வேலையோ" என்று திட்டிக்கொண்டே விளக்கை நிமிர்த்தி வைத்தாள். எண்ணெயை நக்குவதும் புற்றைப் பெயர்ப்பதும் எது என்று அந்த எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த மாலதிக்குத் தெரியாதா? வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே லைனுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தம் போட்டிருப்பாள். அன்றைக்கு அவள் மனம் முழுக்கக் கண்காட்சியில் நின்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு மகள் பேசுகிறாள், எஸ்டேட் மேனேஜர் வீட்டுத் துரையம்மா கைதட்டுகிறாள். அந்த நினைப்பிலேயே இறங்கிவிட்டாள்.

குழாயடியில் சேதியைச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாலாமணி மட்டும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் மகன் அருண்பிரசாத்தும் தனுஷாவோடு படிக்கிறவன்தான்.

"தவிட்டுப் பழத்துக்குச் சோலைக் காட்டு ஓரம்தானே போகோணும்? இந்தப் பனியிலயா? நான் அனுப்ப மாட்டேம்மா."

"டீச்சரே சொல்லியிருக்காங்க, நீங்க என்னங்க்கா இப்பிடிப் பேசறீங்க? நாம வெறகுக்குப் போகாத சோலையா?"

"போன வாரம் நாயெல்லாம் அந்தப் பக்கம் பார்த்து ஊளை உட்டுச்சே, கேக்கலியா?"

"நாய் எப்பத்தான் ஊளை உடல? மார்க் போயிரும்ங்க்கா. கடைசி வீட்டு அஜயும் சேர்ந்து மூணு பேராத்தானே போறாங்க. எதாச்சும் ஒண்ணுன்னா நான் பொறுப்பு, போதுங்களா?"

மார்க் என்ற சொல்லுக்கு முன்னால் எந்தத் தாய்தான் நிற்பாள்? பாலாமணி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சம்மதம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொஞ்சம் விலகியதும் பிள்ளைகள் கிளம்பினார்கள். தனுஷா, அருண்பிரசாத், கடைசி வீட்டு அஜய். மாலதியின் கணவன் பாண்டியராஜ் பேக்டரியில் ஷிப்டுக்குப் போயிருந்தான். மாலதி வாசலில் நின்று மகளின் சால்வையை இழுத்து விட்டாள்.

"ஏழுன்னா ஏழு இருக்கோணும் கண்ணு. ஆறோட வந்து நிக்காத."

"சரிம்மா."

மகள் போன பிறகு துணியைக் கல்லில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. இலைகளைப் பேப்பரில் வைத்து அமுக்கிக் கொண்டு வரச் சொன்னாரா, அப்படியே கொண்டு வரச் சொன்னாரா? கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ப் போனை எடுத்தாள். ஈர விரல் முதல் குரலில் படாமல் அதற்குக் கீழே இருந்ததில் பட்டுவிட்டது.

வாசுகி டீச்சர் மூச்சு வாங்கப் பேசினார்.

"பேரண்ட்ஸ், இப்பத்தான் அனுப்பின அறிவியல் வேலைய நிறுத்திருங்க. யாரும் புள்ளைங்கள வெளிய அனுப்பாதீங்க. ஃபாரஸ்ட்காரங்க ஸ்கூலுக்கு வந்திருக்காங்க. மேல் லைன் சோலையில கரடி குட்டியோட சுத்துது. தவிட்டுப் பழத்துக்குத்தான் வருதாம். வெறகு பொறுக்கப் போன ரோட்டுப் பக்கத்து ஆள் ஒருத்தர மூஞ்சியெல்லாம் கிழிச்சிருச்சு. கேட்டவங்க எல்லாரும் பதில் போடுங்க. மேல் லைன்காரங்க கட்டாயம் போடணும். தயவுசெஞ்சு போடுங்க."

அவ்வளவுதான், குரல் நின்றுவிட்டது. மாலதி அதற்குக் கீழே இருந்த கும்பிடுகளைப் பார்த்தாள். ரோட்டுக்காரர்கள் எதற்குக் கும்பிடு போட்டிருந்தார்கள் என்று இப்போது புரிந்தது. லைனில் இருக்கிற அத்தனை போனிலும் இந்தக் குரல் நேற்றிலிருந்து கிடக்கிறது. அவளேதான் பையில் சுமந்து வந்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறாள்.

"பாலாமணியக்கா!"

அந்தச் சத்தத்தில் பாலாமணி கரண்டியோடு வெளியே வந்தாள். மாலதி சொல்ல வந்ததில் பாதிதான் வாயில் வந்தது. "கரடி" என்ற ஒன்று போதுமாக இருந்தது. பாலாமணி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மாலதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே பாய்ந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். கரடி வந்தால் தட்டைத் தட்டி விரட்டுவது லைனில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.

தேயிலைக் காட்டுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இரண்டு பேரும் ஏறினார்கள். செடிகள் சேலையைப் பிடித்து இழுத்தன. மாலதிக்குச் செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை. நான் பொறுப்பு, நான் பொறுப்பு என்று சொன்ன வாய் இப்போது மாரியம்மா, மாரியம்மா என்றது. பாலாமணி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள்.

தேயிலைக் காடு முடிந்து சரிவு தொடங்குகிற இடத்தில் அருண்பிரசாத்தும் அஜயும் ஆடி அசைந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். இருவர் உதட்டிலும் பழச்சாறு ஊதா நிறத்தில் அப்பியிருந்தது. பாலாமணி மகனைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

"தனுஷா எங்கடா?" என்றாள் மாலதி.

"உள்ள போயிருக்கா அத்த. எங்களுக்கு ஆறு வகை போதும்னு வந்துட்டோம். அவ ஏழு இல்லாம வரமாட்டேன்னுட்டா. அம்மா சொல்லியிருக்காங்களாம்" என்றான் அருண்பிரசாத்.

மாலதி நிமிர்ந்து பார்த்தாள். மேலே சரிவு முழுக்கத் தவிட்டுப் பழப் புதர்கள். அதற்கு அப்பால் சோலை. சோலைக்குள் நின்ற பனி ஒரு மரத்தையும் காட்டவில்லை. அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, உயிரையே சேர்த்துக் கத்தினாள்.

"தனுஷா! ஓடியா கண்ணு! ஓடியா!"

"இதா வர்றேம்மா!" பனிக்குள்ளிருந்து உடனே பதில் வந்தது. சந்தோஷமான குரல். "ஏழாவது கெடச்சிருச்சும்மா!" சருகுகளை மிதித்துக்கொண்டு கால்கள் ஓடிவரும் சத்தமும் தொடர்ந்து கேட்டது.

மாலதிக்கு அழுகை வந்தது. மாரியம்மன் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தாள். அந்த நினைப்பு முழுசாக மனதில் படிவதற்குள், சரிவின் நடுவே, அவளுக்கும் சோலைக்கும் இடையில், ஒரு புதர் தானாக அசைந்தது. புதருக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து இரண்டு காலில் நின்றது. அதன் பின்னால் சின்னதாக இன்னொன்று உருண்டு போய் மறைந்தது.

"வராத! அங்கயே நில்லு! வராத!"

ஆனால் பாலாமணியும் அதைப் பார்த்துவிட்டாள். கரண்டியால் தட்டை வெறிபிடித்தவள் போல அடிக்க ஆரம்பித்தாள். பையன்களும் சேர்ந்துகொண்டு கூச்சல் போட்டார்கள். மலை முழுக்க அந்தச் சத்தம்தான் நிறைந்தது. மாலதி கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. அவள் திரும்பிப் பாலாமணியின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள். கரண்டி கீழே விழுந்தது.

கரடி ஓடவில்லை. சத்தம் வந்த பக்கம் ஒரு தரம் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பிச் சோலைப் பக்கம் பார்த்தது. அங்கிருந்து சருகு மிதிபடும் சத்தம் இப்போது ரொம்பப் பக்கத்தில் கேட்டது. மாலதி மறுபடி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

பனிக்குள் ஓடிவந்த கால்கள் நிற்கவில்லை. அம்மா ஒரு தரம் கூப்பிட்டாயிற்று. தனுஷாவுக்கு அது போதும்.