விடியாத வீட்டில் வளைகாப்பு

பக்தவத்சலம் வீட்டுக்கு மட்டும் அந்த ஆவணியில் பொழுது விடியவில்லை. கேளம்பாக்கத்துக்கு மேற்கே, அந்தத் தெருவில் மற்ற எல்லா வீட்டுக்கும் வழக்கம்போல வெயில் வந்தது. அவர் மதில்வரை வந்து, கோடு கிழித்தாற்போல நின்றுவிட்டது. உச்சிப்பொழுதிலும் உள்ளே கும்மிருட்டு. மீட்டர் பார்க்க வந்தவர் செல்போன் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு அப்பாசாமி, மதில் தாண்டி இந்த இருட்டுக்குள் நீண்டிருந்த தன் மல்லிக்கொடி பகலிலேயே பூ விரிப்பதைக் கண்டு, அதையும் பறித்து விற்றார். அப்படிப்பட்ட தெரு அது.

இருட்டு வந்தது பேத்தி வீட்டுக்கு வந்த அன்று. மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ்கள் வைத்திருக்கும் குடும்பம். தன் வண்டி ஒருநாளும் நேரம் தவறியதில்லை என்று பக்தவத்சலம் நிமிர்ந்து நின்று சொல்வார். மருமகள் பூங்கொடிக்கோ ஏழு மாதம் முடிந்ததுமே பிரசவமாகிவிட்டது. ஒன்பதாம் மாத வளைகாப்புக்கு அழைப்பிதழ் கொடுத்து முடித்திருந்த நேரம். குறைமாசம் என்றால் தெரு என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும்: மருமகளுக்குச் சோறு போடவில்லை என்பார்கள், வம்சத்தில் வலுவில்லை என்பார்கள். ஆகவே ஊரைப் பொறுத்தவரை குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஆக்சிஜன் வைத்துப் பிழைக்கவைத்த அதை, வேனுக்குத் திரை போட்டுக் கொண்டுவந்து பின்கட்டில் வைத்தார்கள். பூங்கொடி வாசலுக்கு வரும்போதெல்லாம் புடவைக்குள் துண்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டாள். அவள் கணவன் ஜெயக்குமார் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். துண்டைத் துவைத்துக் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் ஸ்வாதி சொல்லியிருந்தார்: "பொறந்து முப்பது நாளுக்குள்ள கண் டாக்டர்கிட்ட காட்டிடுங்க ஐயா. குறைமாசக் கொழந்தைக்குக் கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் தாறுமாறா வளரும். விழித்திரையப் பிச்சி இழுத்துடும். அப்புறம் பார்வை வராது."

"முழிச்சி என்னையே பாத்துகினு கீது. இதுக்கு இன்னா டாக்டரு?" என்று பக்தவத்சலம் திரும்பிவிட்டார். மகள் வயதுப் பெண் தன் வம்சத்துக் கண்ணைக் குறை சொல்வதா? தவிர, செங்கல்பட்டில் அந்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பவை எல்லாம் குறைமாசக் குழந்தைகள். அங்கே போய் உட்கார்ந்தாலே விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடும். வளைகாப்பு முடியட்டும் என்றார். வளைகாப்பு முப்பதாம் நாளில் விழுந்தது.

விருந்தினர் வந்தார்கள். காலை பத்து மணி இருட்டில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். "இன்னாண்ணே, பட்டப்பகல்ல சினிமா கொட்டாய் மாதிரி வச்சிக்கினு கீற?" என்று கேட்டாள் தங்கை எல்லம்மாள். புது மாதிரி அலங்காரம் என்றார். நம்பினார்கள். புளியோதரை தட்டுக்கு வரும்வரை அந்தக் கூட்டம் எதையும் நம்பும்.

வளையல் அடுக்கி முடித்து, எல்லம்மாள் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். "புள்ள அசையவே இல்லியேடி. உங்க மாமா மாதிரி வெறப்பா கீதா?"

கூட்டம் சிரித்தது. பூங்கொடி எழுந்து, துண்டை உருவி மணையில் போட்டாள். பின்கட்டுக்குப் போய்க் குழந்தையோடு வந்து மாமனார் முன் நின்றாள்.

"இது கண்ணுக்குள்ள இன்னா நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது மாமா, எனக்கும் தெரியாது. இன்னிக்கித்தான் கடைசி நாளு. உங்க கௌரவத்துக்கு என் பொண்ணு குருடா போணுமா?"

எல்லோரும் செல்போன் விளக்கைத் தூக்கினார்கள். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க. "அடப்பாவி அண்ணே! துண்டுக்கா வளையல் போட்டேன் நானு?" என்று எல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்தவத்சலம் தலை குனியவில்லை. அது அவருக்குப் பழக்கமில்லை. அதே நிமிர்வோடு வெளியே போய், நாற்பது பேர் ஏறும் பஸ்ஸைத் தானே கிளப்பினார். வழியை மறித்து நின்ற கூட்டத்தைப் பார்த்து, தெருமுனைவரை கேட்கும்படி கத்தினார்: "நவுருங்கய்யா! எங்க வூட்டுக் குறைமாசக் கொழந்தைக்கு நேரமாவுது!"

செங்கல்பட்டில் பார்த்தபோது கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் படர்ந்துவிட்டிருந்தன. தாமதமின்றி லேசர் வைத்தார்கள். நடுப்பார்வையைக் காப்பாற்ற விழித்திரையின் ஓரத்தைச் சுட வேண்டியிருந்தது, பக்கப் பார்வை கொஞ்சம் குறையலாம் என்றார் கண் மருத்துவர்.

குழந்தையோடு திரும்பி வந்தபோது கூடத்தில் வெயில் கிடந்தது. மதிலோரம் மட்டும் நாலு பக்கமும் அந்தி அப்படியே நின்றுவிட்டது. வைஷாலி என்று பெயர் வைத்தார்கள்; நடந்தாள், கண்ணாடி போட்டாள், தலையைத் திருப்பிப் பார்த்துப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஓரத்து அந்தி விலகவில்லை. யாரும் அதை விலக்கப் பார்க்கவும் இல்லை.

"ஓரமா வராதீங்க, அங்க எப்பவும் ஆறரை மணி" என்று வருகிறவர்களிடம் பக்தவத்சலம் சொல்வார். அவர்களும் நடுவில் நடந்து வருவார்கள்.