எக்ஸ்டர்னலின் கிளாஸ்

நைட்ரைட்டை விட்டதும் வனஜாவின் சோதனைக் குழாயில் குமிழி வந்தது. பி.எஸ்ஸி. ஆர்கானிக் பிராக்டிகலில் இது அவளுக்கு இரண்டாவது முயற்சி. போன வருடம் இதே மேஜையில், இதே மாதிரிக் குமிழியைப் பார்த்து 'அலிபாட்டிக் அமீன்' என்று எழுதி ஃபெயிலானாள். அது சுத்தமான அனிலின், அரோமேட்டிக் வகை என்று பிறகு சொன்னார்கள். தன் மண்டையில்தான் ஏதோ கோளாறு என்று ஒரு வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். அத்திபெலே மருந்துக் கம்பெனியில் ஜூனுக்குள் மார்க் ஷீட் கொண்டுவந்தால் லேப் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தத் தடவையும் கோட்டைவிட்டால், சிவாஜிநகர் துணிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பதே கதி.

இன்னும் இருபது நிமிடம். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பீட்டா நாப்தாலை ஊற்றிப் பார்த்தாள். அரோமேட்டிக் என்றால் சிவப்புச் சாயம் வரவேண்டிய இடத்தில் அழுக்குப் பழுப்புதான் வந்தது.

குறிப்பேட்டைப் புரட்டினாள். முதல் சோதனை லிட்மஸ். சிவப்புத் தாள் நீலமாகவில்லை. அங்கேயே பார்வை நின்றது. அலிபாட்டிக் அமீன் என்றால் நல்ல காரம், தாளை நீலமாக்கியிருக்கும். பென்சீன் வளையம் பக்கத்தில் இருந்தால் அது நைட்ரஜனின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், காரத்தன்மை செத்துவிடும். அப்படியானால் இது அரோமேட்டிக். குமிழி ஏன் வந்தது? நைட்ரைட்டோடு சேர்ந்து உண்டான டயசோனியம் சூட்டில் உடைந்து வாயுவாகப் போயிருக்கிறது. ஐஸில் வைத்துச் செய்ய வேண்டிய சோதனை, ஐஸ் இல்லை.

"அப்பாதுரை அண்ணா, ஒரு துண்டு ஐஸ் குடுங்க."

லேப் அட்டெண்டர் அப்பாதுரை தலையைச் சொறிந்தார். "காலைல மீன் மார்க்கெட்ல மூட்டையா வாங்கினது, எல்லாம் தீந்துபோச்சும்மா. குழாத்தண்ணில வெச்சுக்கோ."

ஏப்ரல் மாதக் குழாய்த் தண்ணீர். போன வருடமும் இதையேதான் சொன்னார்.

வனஜா சுற்றுமுற்றும் பார்த்தாள். அறையின் கோடியில் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வைத்தீஸ்வரன் ஆரஞ்சு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸில் ஐந்தாறு ஐஸ் துண்டுகள் மிதந்தன.

அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, நேராகப் போய் நின்றாள்.

"சார், உங்க கிளாஸ்ல இருக்கற ஐஸ் வேணும்."

அப்பாதுரை கையைப் பிசைந்தார். வைத்தீஸ்வரன் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"எதுக்கும்மா?"

"லிட்மஸ் மாறல சார், ஆனா குமிழி வருது. ரெண்டும் ஒத்துப்போகல. குளிர்ல வெச்சுத் திரும்பப் பண்ணணும்."

அவர் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார்.

பீக்கரில் ஐஸைக் கொட்டி, புதிதாக எடுத்த குழாயை அதற்குள் நிறுத்தி, நைட்ரைட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குமிழி இல்லை. பீட்டா நாப்தால் விழுந்ததும் குழாய் முழுக்கச் செக்கச்செவேலென்று ஆனது.

அப்பாதுரை காலிக் கிளாஸை எடுத்துப்போக வந்தார்.

"அண்ணா, போன வருசமும் எக்ஸ்டர்னலுக்கு ஜூஸ்தானா?"

"எல்லா வருசமும் ஜூஸ்தாம்மா. வெயில்ல வர்றாங்க, சும்மா விடறதா? அவங்களுக்குன்னு மொதல்லயே ஐஸ எடுத்து வெச்சிடுவேன்."

வனஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிளாஸ் ஜூஸுக்காகவா ஒரு வருடம் தன்னை மக்கு மக்கு என்று திட்டிக்கொண்டோம் என்று பற்றிக்கொண்டு வந்தது. 'அரோமேட்டிக்' என்று எழுதுகையில் அழுத்திய அழுத்தத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.