அழகாக விழுங்கியவள்

மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை என்று ஊரில் சும்மா சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு மெல்லுவதில் ஒரு குறையும் இல்லை. விழுங்கினால்தான் நெஞ்சுக்கு நடுவில் யாரோ கையால் பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிடும். மேலேயும் வராது, கீழேயும் போகாது. இரண்டரை வருஷமாக இந்தக் கூத்து.

சட்டை தைக்கிற தொழிற்சாலையில் காலர் பிரிவில் இருக்கிறேன். மதியம் அரை மணி நேரம் சாப்பாடு. நீள மேசையில் நாற்பது பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருவோம். அங்கே பாதிச் சாப்பாட்டில் ஓங்கரித்தால் என்னென்ன பேச்சு வரும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அதனால் ஒரு வித்தை பழகிக்கொண்டேன். நகத்தளவு கவளம், அதன்மேல் ஒரு மடக்குத் தண்ணீர், மூச்சைப் பிடித்துத் தோள்களைப் பின்னால் இழுத்து ஓர் அழுத்து. இறங்கிவிடும். யாராவது பார்த்தால் ஒரு சிரிப்பு. அங்கே எனக்குப் பெயரே ‘குருவி’தான். எப்படி இளைத்தாய் என்று ரகசியம் கேட்ட மகராசிகளும் உண்டு.

வேலைக்குப் போடுகிற சட்டையை மூன்று தடவை பிடித்துத் தைத்துவிட்டேன். உள்ளே மடிந்த துணியை மட்டும் வெட்டவில்லை. என்றைக்காவது பிரித்துவிடலாம் என்ற நப்பாசைதான்.

முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாவது டாக்டர் வயிற்றுப் புளிப்பு என்றார். மூன்றாமவர் கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். என் நாத்தனாருக்கு அதுவே போதுமாக இருந்தது. எல்லாம் மனசுதான், மெதுவாக மென்று சாப்பிடு என்று பார்க்கும்போதெல்லாம் ஓதுவாள். இந்த ‘மெதுவாக’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இதற்கு மேல் மெதுவாகச் சாப்பிட்டால் அடுத்த வேளை வந்துவிடும்.

வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எனக்காகக் குழைத்ததையே தானும் தின்றுவிட்டு, பல் போன பிறகு சாப்பிடுவதற்கு இப்போதே ஒத்திகை என்பார். நான் சிரிக்கிறேனா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்.

கடைசியாகப் பார்த்த பெரிய டாக்டர், விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் படம் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் ஏதாவது தெரிந்தால் வைத்தியம் உண்டு. தெரியாவிட்டால் மனநல டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார். தேதி கிடைக்கவே ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ஏதாவது இருக்கட்டும், பெயருள்ள ஒரு நோயாக இருக்கட்டும். இப்படி வேண்டுகிற பைத்தியம் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பரிசோதனை அறை ஜில்லென்று இருந்தது. ஒரு பலகையில் சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கிறவர். என் கையில் சுண்ணாம்பு கரைத்த மாதிரி ஒரு வெள்ளை மருந்து. வாய் நிறைய எடுத்து விழுங்கச் சொன்னார். பிறகு அதிலேயே நனைத்த ரொட்டித் துண்டு. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கினேன்.

“ரொம்ப அழகா முழுங்கினீங்கம்மா. எங்கயும் தடங்கலே இல்ல.”

வெட்கங்கெட்ட மனசு, ஒரு நொடி குளிர்ந்துதான் போனது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து, என்ன நடந்தது என்று கேட்டார். எப்படி நின்றேன், எப்படிக் குடித்தேன் என்று செய்து காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கயும் அப்படித்தான் முழுங்கினியா?”

என் வித்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தர் பார்க்கிறார் என்றதும் உடம்பு தானாகச் செய்துவிட்டிருக்கிறது. வாய் நிறைய எடுக்கச் சொன்னார், நான் எடுத்தது குருவி அளவு. காட்டுவதற்காக ஐந்து மாதம் காத்திருந்து, போன இடத்தில் மறைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நான் விழுங்கியது சரியில்லை, இன்னொரு தடவை எடுங்கள் என்று கெஞ்சினேன். படம் எடுத்தவர் நல்ல மாதிரிதான். படமெல்லாம் டாக்டருக்குப் போய்விட்டது, இனி மறுபடி எழுதி வாங்கினால் ஐந்து மாதம் கழித்துத் தேதி கொடுப்பார்கள் என்றார். “நல்லாயிருக்குன்னு சொன்னா சந்தோஷப்படணும்மா” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். காலையிலிருந்து பட்டினி என்று வீட்டுக்காரர் ஒரு பன் வாங்கி வைத்திருந்தார். அதைப் பிடுங்கிப் பாதியாகப் பிய்த்து வாயில் போட்டேன். தண்ணீர் இல்லை. தோளை இழுக்கவில்லை. எல்லா மனிதர்களும் விழுங்குவது போல விழுங்கினேன்.

அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு மறுகையால் அந்தக் கதவைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. கதவைத் திறந்த நர்ஸுக்கு முன்னாலேயே எல்லாம் மேலே வந்தது. வீட்டுக்காரர் இரண்டு கையையும் குவித்து ஏந்திக்கொண்டார். “பாருங்க சிஸ்டர், இதுதான், இதைத்தான் சொல்றோம்” என்று அந்தக் கைகளை அவளிடம் நீட்டினார்.

நர்ஸ் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மிச்சமிருந்த பாதிப் பன்னைப் பார்த்தாள்.

“பட்டினியா இருந்துட்டு இப்படியா அவசரப்படறது? மெதுவா சாப்பிடக் கூடாதாம்மா?”

சொல்லிவிட்டு, அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டாள்.