முள் இறக்கிய மடு

வசந்தகால வெள்ளத்தில் ஜாயிக் ஆறு இடம் மாறிவிட்டது. குளிர்காலத்தில் கெளுத்திகள் கூட்டமாக அடங்கிக் கிடக்கும் மடுவும் அதோடு மாறியது. மீன்பிடித் தடைப் பலகை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. புது மடுவில் யாரையும் தடுக்க மீன்காவலர் ஜனாருக்கு அதிகாரமில்லை. ஊர்க்காரர்கள் உறைந்த ஆற்றில் துளை போட்டு, அரைத்தூக்கத்தில் கிடக்கும் மீன்களின் விலாவில் மும்முனைக் கொக்கியை மாட்டி இழுத்தார்கள். பிய்த்துக்கொண்டு தப்பியவையும் பிழைப்பதில்லை. இழுப்பவர்களில் முதல் ஆள் ஜனாரின் தாய்மாமன் மெய்ராம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் குதிரைக்கறி சாப்பிட்டுக்கொண்டே ஜனார் ஆரம்பித்தாள்.

"மாமா, அக்கா மக கேட்டா இல்லேன்னு சொல்லக் கூடாது, தெரியும்ல?"

"மூணு தடவதான் கேக்கலாம். குதிரக்குட்டி ஒண்ணு, கல்யாணத்துக்குக் கம்பளம் ஒண்ணு. ரெண்டு முடிஞ்சுபோச்சு."

"மூணாவது, உங்க டிராக்டர். நாளைக்கு ஒரு நாள்."

"அவ்வளவுதானா? மாட்டக் கேப்பியோன்னு பயந்துட்டேன்!" சாவியைத் தூக்கிப் போட்டார்.

மறுநாள் ஜனாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும், வெள்ளத்தில் சாய்ந்து கிடந்த முள்மரங்களை டிராக்டரில் இழுத்து வந்தார்கள். பனியை அறுத்து, கல்லைக் கட்டி மடுவுக்குள் இறக்கினார்கள். கிளைகளுக்குள் மீன் ஒண்டிக்கொள்ளும். கொக்கி மரத்தில்தான் மாட்டும்.

சத்தம் கேட்டு மெய்ராம் ஓடி வந்தார்.

"என் டிராக்டர வெச்சே என் வாயில மண்ணள்ளிப் போடுறியாடி?"

"கேட்டேன், குடுத்தீங்க."

அவர் கொக்கியை இறக்கிச் சுண்டினார். மாட்டியது. காலை ஊன்றி இழுத்தார். கயிறு அறுந்து பனியில் பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜனாருக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா நாலு ஆட்களைக் கூட்டி வந்தால் அத்தனை மரத்தையும் வெளியே இழுத்துப் போட்டுவிடலாம். அப்புறம் இந்த மடுவில் ஒரு மீன் மிஞ்சாது.

மெய்ராம் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டார். மடுவை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கீழ்ப்பக்கம் தொறந்தே கெடக்கு. பெருசுங்க அங்கதான் படுத்திருக்கு. அக்கரைக்காரனுங்க வந்தா அள்ளிட்டுப் போயிடுவானுங்க."

"அதுக்கு?"

"எனக்கு இல்லாதது அவனுங்களுக்கு மட்டும் எதுக்கு? சாவியக் குடு. நீ ஓட்டுற லட்சணத்துல வண்டியும் மடுவுக்குள்ள போயிடும்."

பொழுது சாய்வதற்குள் அவர் இழுத்து வந்த மரம், அவள் இறக்கிய எதைவிடவும் பெரியதாக இருந்தது.