காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மாமியாரை நடுரோட்டில், கொட்டும் பனியில், கையில் தொட்டிலோடு விட்டுவிட்டு நான் காரை ஓட்டிக்கொண்டு போனது உண்மைதான். ஊரே பேசுகிறது, நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை என் கொழுந்தன் துராத் சொல்லக் கேட்டால் என்னைத் தூக்கில்தான் போட வேண்டும். அதனால் நானே சொல்கிறேன்.

நான் கனிஷாய். கிராமத்துப் பள்ளியில் ஒன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். நாரின் நகரத்தில் பெரிய பள்ளி ஒன்றில் புது வருடத்திலிருந்து எனக்கு வேலை கிடைத்திருந்தது. இருபத்தாறு கிலோமீட்டர். பள்ளி எட்டு மணிக்கு. எங்கள் ஊர் வேன் கிளம்புவது ஒன்பதுக்கு, அதுவும் டிரைவருக்கு மனசு வந்தால். கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

கார் இருந்தது. என் கணவர் கட்டட வேலைக்கு ரஷ்யா போனபோது விட்டுப்போன பழைய ஜெர்மன் வண்டி, இரண்டு வருடமாக மாட்டுக் கொட்டகையில் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கியது. கோடையில் நாரினில் ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செப்டம்பரில் லைசென்ஸ். செப்டம்பரில் பனி ஏது? தார் ரோட்டில் வெயிலில் ஓட்டிக் காட்டினேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பனியில் ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சைபீரியாக்காரர் ஒருவர் போனில் போடும் வீடியோக்கள்தான். மீசையில் பனி உறைந்திருக்க அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: மேட்டில் ஏறும்போது நிற்காதே. செத்தாலும் நிற்காதே.

ஆனால் சாவி அத்தையிடம். தலைத்துணியின் முனையில் முடிந்து வைத்திருந்தார். அந்தச் சாவிக்குத் துராத் இரண்டு வருடமாக அடிபோட்டுக்கொண்டிருந்தான். "அண்ணன் வண்டி சும்மாத்தானேம்மா நிக்குது. என்கிட்ட குடு, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்." அந்த நாலு பேரும் அவனுடைய கூட்டாளிகள்தான். அவர்களோடு குடித்துவிட்டு எவனுடைய வண்டியையோ ஓட்டி மாட்டிக்கொண்டதில் அவன் லைசென்ஸை மார்ச் வரை முடக்கியிருந்தார்கள். அது அவன் வாயை முடக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் என் நாத்தனார் ஜாங்கிலுக்குப் பையன் பிறந்து நாற்பது நாள் முடிந்தது. தொட்டில் விசேஷம். எங்களிடத்தில் முதல் பிள்ளைக்கான மரத் தொட்டிலைப் பெண்ணைப் பெற்றவள் கையால்தான் கொண்டுபோக வேண்டும். அது வராமல் பிள்ளையைத் தொட்டிலில் போட முடியாது, பந்தியும் தொடங்காது. ஜாங்கிலின் ஊர் தோ-பெல் மேட்டுக்கு அந்தப் பக்கம். அன்று வேனும் கிடையாது.

அத்தை முந்தின நாள் சாயங்காலம் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு நீ ஓட்டு. பன்னெண்டு மணிக்குள்ள என்னையும் தொட்டிலையும் ஒழுங்கா கொண்டுபோய்ச் சேத்துட்டேன்னா சாவி உனக்கு. இல்லன்னா துராத்துக்கு. இதுக்கு மேல இந்த வீட்டுல சாவிப் பேச்சு வேண்டாம்."

துராத் ஈயென்று இளித்தான். "நானும் கூட வர்றேன் அண்ணி. பக்கத்துல இருந்து சொல்லிக்குடுக்க ஒரு ஆள் வேணும்ல?"

காலையில் மைனஸ் இருபத்து நாலு. பேட்டரியை ராத்திரியே கழற்றி அடுப்போரம் வைத்திருந்தேன். ரேடியேட்டருக்கு வெந்நீர், கண்ணாடிக்குச் சுரண்டி, டிக்கியில் மண்வெட்டி, கூடவே ஒரு வாளி அடுப்புச் சாம்பல். சக்கரம் வழுக்கினால் கீழே தூவ. எல்லாம் சைபீரியாக்காரர் சொன்னபடி. பின் கண்ணாடியில் புது டிரைவருக்கான மஞ்சள் ஸ்டிக்கர், நடுவில் கறுப்பாக ஓர் ஆச்சரியக்குறி.

அத்தை டிக்கியைத் திறந்தார். "இது என்ன?"

"சாம்பல் அத்தே. வழுக்கினா…"

"பச்சப்புள்ளைக்குத் தொட்டில் போற வண்டியில சாம்பலா? உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" வாளியைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வந்தார். அது இருந்த இடத்தில் ஒரு மூட்டை போர்சோக் பணியாரத்தையும், கால் கட்டிய ஓர் ஆட்டையும் ஏற்றினார். மாமியாரை எதிர்த்து மருமகள் குரல் உயர்த்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பின் சீட்டில் அத்தையும் தொட்டிலும். முன் சீட்டில் துராத், அவன் வாய்.

"அண்ணி, கியர மாத்துங்க. அண்ணி, இவ்ளோ மெதுவா போனா புள்ள ஸ்கூலுக்கே போயிடுவான். அண்ணி, ஸ்டீரிங்க ஏன் கழுத்த நெரிக்கிற மாதிரி புடிச்சிருக்கீங்க?"

யாருடைய கழுத்தை நினைத்துப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லவில்லை.

ஆனால் வண்டி போனது! சமவெளியில் பத்து கிலோமீட்டர், ஒரு வழுக்கல் இல்லை. தோ-பெல் மேடு வந்தது. இரண்டாவது கியர், மிதியில் கால் பூப்போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துகொண்டிருந்தது.

"பிரேக்! பிரேக்! மாடு!" என்று துராத் அலறினான்.

அழுத்திவிட்டேன். வேறென்ன செய்வேன், காதுக்குள் கத்தினால்? வண்டி சறுக்கி, பின்பக்கத்தை ஓரத்துப் பனிக்குவியலில் செருகிக்கொண்டு நின்றது. டிக்கியில் ஆடு கத்தியது.

"எங்கடா மாடு?" என்றேன். அவனை 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவை.

அவன் எட்டி எட்டிப் பார்த்தான். ரோட்டோரத்தில் பனி மூடிய ஒரு முட்புதர். வேறு ஒன்றும் இல்லை. "ஏதோ அசைஞ்சுது அண்ணி. சத்தியமா அசைஞ்சுது. கொம்பு கூட இருந்துச்சு."

மணி பதினொன்று ஐந்து. கிளப்பிப் பார்த்தேன். பின் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே ஒரு குழி தோண்டிக்கொண்டது. இறங்கி மண்வெட்டியால் வெட்டினேன், துராத் பக்கத்தில் நின்று எங்கே வெட்ட வேண்டும் என்று கை காட்டினான். அடியில் கண்ணாடி மாதிரி ஐஸ். ஒரு கை சாம்பல் இருந்தால் போதும். அத்தையைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சம் இருப்பது ஒரே வழி. வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் ரிவர்ஸ், மறுபடி முன்னே. ஆட்ட ஆட்ட வேகம் சேர்ந்து குழியைத் தாண்டிவிடும். துராத்தைப் பின்னால் தள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். முன்னே ஓர் ஆட்டு, பின்னே ஓர் ஆட்டு.

"நிறுத்து!" என்றார் அத்தை. குரலில் காதடைத்தது. "என்ன பண்றே? காலித் தொட்டில ஆட்டறே!"

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். உண்மைதான். காலித் தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று எங்களிடம் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். வண்டி ஆடினால் தொட்டிலும் ஆடுகிறது. வண்டி ஆடாவிட்டால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"தொட்டில்ல எதாவது வெச்சுட்டா காலி இல்லையே அத்தே," என்றேன். "அந்தப் பணியார மூட்டைய?"

"பணியாரம் மூச்சு விடுமா?"

துராத் பின்னாலிருந்து கத்தினான்: "ஆடு மூச்சு விடுமே! ஆட்டத் தூக்கிப் போடுங்க!"

அத்தை அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஆடே வாயை மூடிக்கொண்டது. ஜாங்கிலிடமிருந்து போன் வந்தது. "அம்மா, எல்லாரும் உக்காந்தாச்சு, மாமியார் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, எங்க இருக்கீங்க?" அத்தை போனைப் பைக்குள் போட்டார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டினார், கதவைத் திறந்தார், தொட்டிலைப் பிள்ளை போல மார்போடு அணைத்துக்கொண்டு பனியில் இறங்கினார். "நான் இறங்கிட்டேன். இப்ப ஆட்டு," என்றார். போய்ப் புதர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஆட்டினேன். முன்னே, பின்னே. முன்னே, பின்னே. துராத் திட்டிக்கொண்டே தள்ளினான். ஆறாவது தடவை சக்கரம் எதையோ கடித்துப் பிடித்தது. வண்டி ஒரு குதி குதித்து ரோட்டில் ஏறிவிட்டது!

கண்ணாடியில் பார்த்தேன். துராத் பனியில் குப்புறக் கிடந்தான். அத்தை ஒரு கையை ஆட்டி, "நில்லு! நில்லுடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

என் கால் பிரேக்கை நோக்கிப் போனது. இல்லை என்று சொல்லவில்லை, போனது. ஒன்பது வருடமாக அவர் நில் என்றால் நின்று பழகிய கால். ஆனால் இங்கே நின்றால் வண்டி திரும்ப ஏறாது. பின்னால் வழுக்கும். பின்னால் இருப்பது யார்? அத்தை, தொட்டில், குப்புறக் கிடக்கும் துராத். மீசையில் பனியோடு சைபீரியாக்காரர் கண் முன்னால் வந்தார். நான் நிற்கவில்லை. "மன்னிச்சுக்குங்க அத்தே, மன்னிச்சுக்குங்க அத்தே," என்று ஒவ்வொரு வளைவிலும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேடு முழுக்க ஏறினேன். மேலே சமதரையில் வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் அழுகை வந்தது. வேலை போச்சு, சாவி போச்சு, மாமியாரைப் பனியில் விட்டுவிட்டு வந்தவள் என்ற பேரும் வந்தாச்சு.

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அவர்களைக் கூட்டி வரக் கீழே ஓடினேன். மேடு முழுக்க ஐஸ். இரண்டு தடவை விழுந்து எழுந்து, மேலிருந்து முதல் வளைவைத் திரும்பினால், எதிரே ஒரு குதிரைச் சறுக்குவண்டி. வைக்கோல் ஏற்றி வந்த யாரோ ஒருவர் ஓட்ட, வைக்கோல் மேல் அத்தை, மடியில் தொட்டில். புருவமெல்லாம் வெள்ளை. துராத் பின்னால் நடந்து வந்தான். குதிரையால் மூன்றாவது ஆளை இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அத்தை என்னைத் தாண்டிப் போனார், என்னைப் பார்க்கவில்லை. மேலே போய்க் காரில் ஏறி உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜாங்கில் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இறங்கும்போது அத்தை உள்ளங்கையை நீட்டினார். சாவியை வைத்தேன். தலைத்துணி முனையில் முடிந்துகொண்டார்.

தொட்டில் வைத்தார்கள், பிள்ளையைப் படுக்க வைத்துக் கட்டினார்கள், மிட்டாய் வாரி இறைத்தார்கள். நான் ஒரு மிட்டாய் எடுக்கவில்லை. சாப்பாட்டு விரிப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, கறி வந்ததும் துராத் தொடங்கினான். அவன் கதையில் அந்த மேடு இமயமலை. புதர் ஒரு முரட்டுக் காளை. "ரோட்டுக்கு நடுவுல! இவ்ளோ பெரிய கொம்பு! நான் மட்டும் கத்தலன்னா எல்லாரும் காலி. அப்புறம் பாருங்க, இவங்க அம்மாவ அப்படியே விட்டுட்டு, திரும்பிக்கூட பாக்காம…" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்தார். நான் தரைவிரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். "சாவிய என்கிட்ட குடும்மா. இனிமே ரிஸ்க் வேண்டாம்," என்று முடித்தான்.

அத்தை எலும்பை நிதானமாகச் சுத்தம் செய்து தட்டில் வைத்தார்.

"துராத், அந்தக் காளை எந்தப் பக்கம் நின்னுச்சு?"

"இடது பக்கம்மா. அசைஞ்சுது, நான் பாத்தேன்."

"நான் கால்மணி நேரம் அது பக்கத்துலதான் நின்னேன்," என்றார் அத்தை. "காத்துக்கு மறைவா இருக்கேன்னு அதுமேல சாஞ்சுகூட நின்னேன். ஒரு தடவ கூட அசையல."

 சம்பந்தியம்மாதான் முதலில் சிரித்தார். கிண்ணத்திலிருந்த தேநீர் சிந்துமளவுக்குச் சிரித்தார். 

அத்தை சிரிக்கவில்லை. தலைத்துணி முடிச்சை அவிழ்த்தார். சாவி பணியாரங்களுக்கு மேல் பறந்து என் மடியில் விழுந்தது. இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டேன்.

"துராத், எந்திரி. உள்ள போய் ஜாங்கில்கிட்ட ரெண்டு வாளி அடுப்புச் சாம்பல் வாங்கி டிக்கியில வை. போறப்ப தொட்டில் இல்ல." அவன் எழுந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஸ்கூல் என்னைக்குத் திறக்குது?"

"பதினோராம் தேதி அத்தே."

"சந்தைக்கு நானும் வாராவாரம் உன்கூட நாரின் வர்றேன். ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிட்டேன். வண்டி கவுந்தாலும் சரி, என்ன ஆனாலும் சரி, நான் கீழ இறங்க மாட்டேன்."