உப்புக் குடோன் உத்திரம்

ஓவர்சியர் தட்சணாமூர்த்திக்கு வஞ்சிர மீன் வறுவல் வாசனையிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. மீன்மேல் அவருக்கு விரோதம் கிடையாது. வீட்டில் என்றால் முள்ளைக்கூட விட்டுவைக்க மாட்டார். ஆனால் ஒரு கட்டடம் நிற்குமா விழுமா என்று பார்க்க வந்த மனுஷனுக்கு, கட்டடத்தைக் காட்டுவதற்கு முன்னால் இலை போட்டுக் காட்டினால் என்ன அர்த்தம்?

"முதல்ல குடோனைப் பார்க்கலாம்" என்றார்.

உப்பளத்து முதலாளி அரசப்பன் கையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தான். "என்ன சார் அவசரம்? திண்டிவனத்துலேர்ந்து பஸ்ஸுல இடிபட்டு வந்திருக்கீங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பார்க்கலாங்க."

போன புயலில் பக்கத்து அளத்து மரக் குடோன் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதனால் இந்த எழுபத்து நாலாம் வருஷத்தில் உத்தரவு போட்டிருந்தார்கள்: பழைய மரக் கட்டடத்தை ஓவர்சியர் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் லைசென்ஸ். அரசப்பனின் சிரிப்பெல்லாம் அந்த லைசென்ஸுக்காகத்தான்.

குடோனுக்குள் ஆள் உயரத்துக்கு உப்பு குவிந்து கிடந்தது. தட்சணாமூர்த்தி தூண்களைச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொன்றும் கணீரென்றது. வருஷக்கணக்காக உப்பு ஊறிய மரம். கரையான்கூட வாய் வைக்காது.

"பார்த்தீங்களா சார்? பர்மா தேக்கு. யானையைக் கட்டினாலும் தாங்கும். போன தடவை வந்தவர் இதோட போயிட்டாருங்க."

"கீழே தட்டிட்டுப் போயிட்டாரா? ஏணி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

அரசப்பனின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "மேல ஒரே வௌவால் புழுக்கைங்க. நாத்தம் தாங்காது."

ஏணியில் ஏறியதும் நாற்றம் தாங்கத்தான் இல்லை. ஆனால் வௌவாலைத் தாண்டி இன்னொரு வாடையும் அடித்தது. உத்திரம் முழுக்கப் புதுத் தார். தொட்டதும் விரலில் அப்பிக்கொண்டது. கூரை ஒழுகி, அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருந்தது. சுவருக்குள் நுழைகிற முனையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. இழுத்தபோது தவிட்டு நிறத்தில் குழைந்த சோறு மாதிரி ஒன்று வந்தது, அது மரம். அதன் பின்னாலேயே வைக்கோலும் சாணியும் வந்தன. உளுத்த பொந்தில் சாணியை அடைத்து, மேலே தாரைப் பூசி, கீழே இலை போட்டு மீன் வைத்திருக்கிறான்.

சீ என்று வந்தது அவருக்கு. இறங்கப் போனவர் உத்திரத்தின் நடுவில் எதையோ பார்த்து நின்றார். ஈரத் தாரில் புடவை நூல்கள் ஒட்டியிருந்தன, சிவப்பும் பச்சையுமாக.

"இதுல தூளி கட்டுறாங்களா?"

"சேச்சே! குடோன்ல யாருங்க தூளி கட்டப் போறாங்க?"

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வெளியே குழந்தை வீறிட்டது. வாசலில் நின்ற, அளத்தில் உப்பு வாரும் பெண்களில் ஒருத்தி, பாஞ்சாலை, முதலாளியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஓடினாள். தட்சணாமூர்த்தியும் ஏணியிலிருந்து இறங்கிப் பின்னாலேயே போனார். மாட்டு வண்டியின் அடியில், அந்தக் கத்திரி வெயிலில், மூன்று குழந்தைகளைச் சாக்கின்மேல் கிடத்தியிருந்தார்கள். உப்பு வெள்ளையில் கண் கூசியது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் கிடையாது.

"தினம் உள்ளதான் சார் கட்டுவோம். இன்னிக்கு மட்டும் அவுத்துடச் சொல்லிட்டாரு" என்றாள் பாஞ்சாலை, குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

தட்சணாமூர்த்தி பின்னால் வந்து நின்ற அரசப்பனைத் திரும்பிப் பார்த்தார். "அது யானை தாங்கும்னு சொன்னீங்களே. யானை வேணாம். நீங்க தொங்கிக் காட்டுங்க."

கோபத்தில் சொன்னதுதான். அரசப்பன் கொஞ்சமும் கூசவில்லை. "அதுக்கென்னங்க? ஏய் பாஞ்சாலை, தூளியைக் கட்டிப் புள்ளையப் போட்டு ஆட்டு. சார் பார்க்கட்டும்."

அவள் நின்றாள். அப்புறம் வேலை போய்விடுமே என்ற பயத்தில், இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த பழைய புடவையை மெதுவாக உருவினாள். இந்த அசிங்கத்துக்கு வாயைக் கொடுத்தது தான்தானே என்று தட்சணாமூர்த்திக்குத் தன்மேலும் அருவருப்பாக இருந்தது.

"யாரும் உள்ளே போகக் கூடாது!"

வண்டிக் கயிற்றை எடுத்துப்போய் உத்திரத்தின் முனையில் தானே கட்டினார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியிலிருந்து இழுத்தார். பெரிய பலசாலி ஒன்றும் இல்லை, ஆபீசில் உட்கார்ந்து தொந்தி விழுந்த ஆள். ஒரே இழுப்புதான். உத்திரம் சாணியும் ஓடுமாகத் தரையில் வந்து விழுந்தது. அதில் தூளி கட்டுகிற இடம் உப்பில் புதைந்தது. பாஞ்சாலை குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

தூசி அடங்கியதும் அரசப்பனுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "இழுத்துப் போட்டுட்டீங்க, சரி. இனிமே இந்த வெயில்ல இதுங்க எங்க படுக்கும்? அந்தப் பாவம் உங்களுக்குத்தான் சார்."

அது சுருக்கென்று தைத்தது. உண்மையும்கூட. தட்சணாமூர்த்தி சுற்றும்முற்றும் பார்த்தார். வெயில், உப்பு, அதைத் தாண்டி முதலாளியின் ஆபீஸ் அறை ஒன்று. நேரே அதற்குள் போனார். மேஜையில் மீன் ஆறிக் கிடந்தது. நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அதன்மேல் ஏறி, மேலே ஓடிய உத்திரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டினார். சுவரோரம் திருப்புளியால் குத்தினார். நுனிகூட இறங்கவில்லை.

"இது நல்ல மரம், தாங்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "குடோனுக்குப் புது உத்திரம் போடுற வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. நான் வந்து வந்து பார்ப்பேன். வரும்போது புள்ளைங்க வெயில்ல கிடந்தா, எப்பவுமே கிடையாது."

அவர் இறங்கினாரோ இல்லையோ, பாஞ்சாலை குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு அரசப்பனைத் தாண்டி உள்ளே வந்தாள். உப்புக் காலோடு அவன் நாற்காலிமேல் ஏறிப் புடவையை உத்திரத்தில் வீசினாள்.

"ஏய், ஏய்! எம்மேஜைக்கு மேலயா? சீ, மூத்திர நாத்தம் அடிக்குமே!"

"சார்தான் தட்டிப் பார்த்துத் தாங்கும்னு சொல்லிட்டாரே" என்றாள் பாஞ்சாலை, முடிச்சை இறுக்கி இழுத்தபடி.