ஐந்தாவது வீட்டுக்குப் பொருத்தமான அனிமே

கல்லூரியில் சாமுவேலுக்கு ஒரு வித்தை தெரியும் என்று பெயர். நீங்கள் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று காட்டினால், எந்த அனிமே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவான். வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும். வாயால் கேட்டால் எல்லாரும் மூளையைக் கசக்கும் புதிர் ஆட்டம்தான் ஆடுகிறார்கள். திரையில் பார்த்தால் நானூறு மணி நேரம் மிட்டாய் உடைத்திருக்கிறார்கள்.

நாள் முழுக்கத் துப்பாக்கியும் கையுமாக அலைகிறவனுக்குப் போர்க்கதை கொடுப்பவன் கற்றுக்குட்டி. அவனுக்கு மலைக்கிராமத்தில் தபால் கொடுக்கும் கிழவரின் கதையைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது எபிசோடில் அழுதுவிட்டு வந்து நன்றி சொல்வான். கார் ரேஸ்காரர்களுக்குச் சமையல் போட்டி. கோட்டை கட்டுபவர்களுக்கு அரண்மனைச் சதி. இதுவரை எழுபத்திரண்டு பேர், ஒருவர்கூடப் பாதியில் எழுந்து போகவில்லை. கல்லூரியில் வேறு எந்த வகுப்புக்கும் இந்தப் பெருமை கிடையாது.

ஆனால் சொந்த அக்கா ஜெனிஃபருக்கு மாப்பிள்ளை பார்த்தபோது யாரும் அவனைக் கேட்கவில்லை. அப்பா ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்தார். சம்பளச் சீட்டு பார்த்தார். கோலார் தங்கவயலில் மாப்பிள்ளையின் தாத்தா எந்தச் சுரங்கத்தில் எந்த ஷிஃப்ட் இறங்கினார் என்பதுவரை விசாரித்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. பூசையில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலையும் படித்தாயிற்று. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று ஃபாதர் மைக்கில் கேட்பார், சபை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூன்றாவது ஓலை நாளைக்கு. வியாழக்கிழமை கல்யாணம்.

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை சுனில் சாமுவேலின் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கு வந்தான். அப்பாவும் அம்மாவும் பத்திரிகை வைக்கத் தங்கவயலுக்குப் போயிருந்தார்கள். சுனில் செருப்பை வாசலில் சுவரோடு சேர்த்து, இரண்டு குதிகாலும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்துவிட்டு, லேப்டாப்போடு சோபாவில் உட்கார்ந்தான்.

"மச்சான், நீ பெரிய டாக்டராமே! கேம பாத்து அனிமே எழுதித் தரியாம். எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு குரு."

"பாத்துச் சொல்றேன் மாமா. பொய் சொன்னா மருந்து வேலை செய்யாது."

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அவன் பொய் சொல்லவில்லை. லேப்டாப்பில் ஒரே ஒரு கேம் இருந்தது. பண்ணை வைத்து, ஊர் கட்டி, ஆட்களைக் குடியேற்றும் சாதுவான ஆட்டம். ஆயிரத்து நூறு மணி நேரம். தக்காளிப் பாத்தி அளவெடுத்து வெட்டியதுபோல இருந்தது. கோழிகள்கூட வரிசையில் நின்றன. இவருக்குத் தோட்டம் போடும் கதை, பன்னிரண்டு எபிசோட் என்று சாமுவேல் மனதில் சீட்டு எழுதிக்கொண்டே திரையை நகர்த்தினான்.

பண்ணையின் ஓரத்தில் நான்கு வீடுகள். ஓடு, ஜன்னல், ஜன்னலில் பூந்தொட்டி எல்லாம் இருந்தன. நான்குக்கும் கதவு இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு பெண் நின்றிருந்தாள். தலைக்கு மேல் பெயர்ப்பலகை. வீணா. சங்கமித்ரா. இன்னும் இரண்டு பேர். சாமுவேல் வீணாவின் மேல் தட்டினான். அவள் சுவரைப் பார்த்தபடியே கேம் சொல்லிக்கொடுத்த வசனத்தைச் சொன்னாள்: 'இன்று வெளியே நல்ல வெயில், இல்லையா?'

"யாரு மாமா இவங்கல்லாம்?"

"பழைய ஃப்ரெண்ட்ஸ் பேரு மச்சான். ஆபீஸ்ல இருந்தாங்க."

"கதவு வைக்கலையா?"

"கதவு வெச்சா போயிடறாங்கப்பா." காய்கறிக்காரர் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். "ரெண்டு தடவ வெச்சுப் பாத்தேன். ஒருத்தி ஆத்தாண்ட போய் நின்னுகினா. கூட்டினு வரவே ஒரு நாள் ஆச்சு."

ஐந்தாவதாக ஒரு வீடு பாதி எழும்பியிருந்தது. மூன்று பக்கம் சுவர். பலகையில் 'ஜெனி' என்று இருந்தது.

சாமுவேலின் வாயிலிருந்து வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியம் வந்தது. "யோசிச்சுச் சொல்றேன் மாமா."

"யோசி, யோசி. எனக்கு வேற வேல இல்ல. இங்கியே இருக்கேன்."

சமையலறையில் ஜெனிஃபர் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"டேய், நேத்து நீ உன் கேம்ல எத்தன பேர சுட்ட?"

"நூத்தி நாப்பது."

"அப்ப உன்ன இன்னா பண்றது, போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறதா?"

நியாயமான கேள்வி. நாளைக்கு எழுந்து நின்று, 'ஃபாதர், மாப்பிள்ளை கேம்ல கதவு வைக்கலை' என்றால் முன்வரிசை அத்தைகள் அவனைத்தான் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

"நான் யாரையும் பேர் வெச்சு சுடலக்கா."

அவள் பஜ்ஜியைத் திருப்பினாள். "அவரு அக்கறையான ஆளுடா. வேலைய விடச் சொன்னாரு, ஏன்னா ஆஸ்பத்திரில நைட் டூட்டி. என் ஃப்ரெண்ட் ஜகதா கூடப் பேசாதன்னாரு, ஏன்னா அவ வாய் பெரிசு. நர்ஸஸ் குரூப்ல இருந்து வெளிய வரச் சொன்னாரு, ஏன்னா..."

சட்டியில் பஜ்ஜி கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், சுனிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வீடு கட்றீங்களாமே. காட்டுங்க."

சுனிலின் முகம் மலர்ந்துவிட்டது. ஜன்னல் திரைக்கு அவளுக்குப் பிடித்த நீலம். பூந்தொட்டியில் அவள் தலையில் வைக்கும் கனகாம்பரம். ஒன்றையும் அவன் மறக்கவில்லை.

"சூப்பரா இருக்கு. கதவு எந்தப் பக்கம் வெப்பீங்க?"

"கதவு எதுக்கு ஜெனி?" அவன் அவளைப் பிரியத்தோடு பார்த்தான். "உனக்கு வேண்டியதெல்லாம் நான் உள்ள கொணாந்து குடுத்துடுவேன்ல?"

மற்ற நான்கு பெண்களின் பெயரையும் அவள் ஒருமுறை மெதுவாகப் படித்தாள். எழுந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. வார்டில் நோயாளிக்கு ஊசி தெரியாமல் மறைக்கும்போது போட்டுக்கொள்ளும் சிரிப்பு அது என்று சாமுவேலுக்குத் தெரியும்.

"கடலமாவு தீந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வரேன். சாம், மாமாக்கு நல்ல அனிமேவா போட்டு விடு." செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "நீளமா இருக்கட்டும்."

சமையலறையில் டப்பா நிறையக் கடலைமாவு இருந்தது. தெருமுனையில் மளிகைக்கடை இடது பக்கம், பங்குத்தந்தை வீடு வலது பக்கம். ஜன்னல் வழியே அக்கா வலது பக்கம் திரும்புவதைச் சாமுவேல் பார்த்தான். நாளைக்கு ஓலை படிக்க வேண்டிய ஃபாதர் மதியத் தூக்கம் முடிந்து நான்கு மணிக்குத்தான் கதவைத் திறப்பார். இப்போது மூன்றேகால்.

எழுபத்து மூன்றாவது ஆளுக்கு அவன் பொருத்தம் பார்க்கவில்லை. ருசி பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்ததிலேயே நீளமானதைத் தேடி எடுத்தான்: கப்பலில் உலகம் சுற்றும் ஏழு பேரின் கதை, நூற்று எட்டு எபிசோட். போட்டான்.

முதல் எபிசோட் முழுக்கச் சுனில் அசையாமல் பார்த்தான். முடிந்ததும் வாசலில் தனியாகக் கிடந்த தன் செருப்பு ஜோடியைப் பார்த்தான்.

"கட எவ்ளோ தூரம் மச்சான்?"

"பக்கம்தான் மாமா. சனிக்கிழமை, கூட்டமா இருக்கும்."

"ஓ." சுனில் சற்று நகர்ந்து இடம் விட்டான். சாமுவேல் உட்கார்ந்ததும் அவன் தோளைச் சுற்றிக் கையைப் போட்டான். கை கனமாக இருந்தது. எடுக்கிற உத்தேசத்தோடு போட்ட கை இல்லை.

"அடுத்தது போடு. ஜெனி வர்ற வரைக்கும் நீ எங்கியும் போவக் கூடாது, சரியா?"

சாமுவேல் இரண்டாவது எபிசோடைத் தட்டினான்.